இராயப்பர் நாற்காலி

பெரிய வியாழன் வந்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் முதலில் வருகிறது, பக்தி அதற்குப் பிறகுதான். சேசுநாதர் தம் சீடர்கள் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்றைக்குக் கோவிலில் சாமியார் பன்னிரண்டு ஆண்களை உட்கார வைத்து அவர்கள் காலைக் கழுவுவார். தாழ்மையைப் படிப்பிக்க ஏற்பட்ட சடங்கு என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது என் உள்ளங்கைத் தோலை உரிக்க ஏற்பட்ட சடங்கு.

பெரியப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவிலில் ஏழெட்டு வருஷமாக முதல் நாற்காலி அவருக்குத்தான். முதல் நாற்காலி என்றால் சீடர்களுக்குத் தலைவரான இராயப்பருடைய நாற்காலி. கடைசி நாற்காலி காட்டிக்கொடுத்த யூதாசுடையது என்று ஒரு பேச்சு இருந்ததால் அதில் உட்கார ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். கோவில் மணி அடிக்கிறவரைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பார்கள். தாழ்மையைப் படிக்க வந்தவர்களின் லட்சணம் அப்படி இருந்தது.

அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். "நாம தின்னுற சோறு அவுக சோறு. வாயத் தொறக்காம இரு" என்பதுதான் அம்மா எனக்குச் சொல்லித் தந்த முதல் மந்திரம். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியம்மாவுக்கு முட்டுவலி. எனவே அந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பெரியப்பாவின் பாதங்கள் என் பொறுப்பு. அம்மா வேப்பிலை போட்டு வெந்நீர் காய்ச்சி, பெரியப்பா எதிரில் வராமல் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போவாள். நான் பீர்க்கங்கூட்டால் விரல் இடுக்கையும் செங்கல் துண்டால் குதிகால் வெடிப்பையும் தேய்க்க வேண்டும். சாமியார் கழுவப்போகிற காலை எதற்கு முன்கூட்டியே கழுவ வேண்டும் என்று கேட்க நாக்கு துடிக்கும். மந்திரம் ஞாபகம் வரும்; தேய்ப்பேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒத்திகை என்று ஒன்று இருந்தது பாருங்கள்! இராயப்பர் தம் காலைக் கழுவ வந்த சேசுநாதரை முதலில் தடுத்தார் அல்லவா, அதைப் பெரியப்பா விடுவதாக இல்லை. சாமியார் குனிந்ததும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு, "வேண்டாம் சாமி! நான் மகா பாவி! இந்தக் காலைத் தொடாதீங்க!" என்று கண் கலங்குவார். சாமியார் இரண்டு தரம் வற்புறுத்திய பிறகு மனமில்லாதவர் போல நீட்டுவார். பழைய சாமியாருக்கு இது அத்துப்படி. கோவிலில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வீட்டில் சாமியார் நான். காலை இழுக்கிற வேகத்தில் ஒரு தடவை பெருவிரல் என் மூக்கில் பட்டு ரத்தமே வந்துவிட்டது. "செத்தத் தள்ளி உக்காரேம்ட்டி" என்று என்னைத்தான் திட்டினார்.

அது யுத்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் போக வேண்டும். தூசி படக்கூடாதென்று பங்குனி வெயிலில் பெரியப்பா காலுக்கு வெள்ளை நூல் மேஜோடு மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் எல்லோரும் அவர் காலையே பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அந்த வருஷம் கோவிலுக்குப் புதிதாக ஒரு இளம் சாமியார் வந்திருந்தார். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தோடு வந்து முதல் நாற்காலிக்கு முன் முழங்காலிட்டார். பெரியப்பா வெடுக்கென்று காலை இழுத்தார். "வேண்டாம் சாமி! நான் மகா பாவி! இந்தக் காலைத் தொடாதீங்க!" குரல் தழுதழுத்தது. ஒத்திகையைவிட நன்றாகவே இருந்தது.

சாமியார் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. "சரிங்க ஐயா. உங்க மனசு நோக நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டார்.

பெரியப்பா மெல்லக் காலை நீட்டிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் இரண்டாம் நாற்காலிக்காரர் தம் காலை நீட்டிவிட்டார். என் மூன்று நாள் வேலை! அந்தக் குதிகாலைப் பளிங்கு மாதிரி ஆக்கியிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன்.

"சாமி! பெரியப்பா சும்மா சொல்லுதாவ சாமி! வருசா வருசம் இப்பிடித்தான்! கழுவுங்க, மூணு நாளா நான் தேச்சு வச்சிருக்கேன்!"

ஆண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புக் கிளம்பியது. சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வந்து பெரியப்பா முன் முழங்காலிட்டு, "மன்னிச்சுக்கிடுங்க ஐயா. நீங்க சொன்னத மெய்யின்னு நம்பிட்டேன்" என்றார். அதில் துளியும் கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் பெரியப்பா தாங்கியிருப்பார். தண்ணீர் ஊற்றித் துடைத்து, வழக்கப்படி பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்தார். மற்ற வருஷங்களில் பெரியப்பாவுக்கு அந்த இடத்தில் கண்ணீர் பொலபொலவென்று வரும். அன்று வரவில்லை. வெளியே வந்ததும் மேஜோட்டை மறந்து வெறுங்காலோடு புழுதியில் நடந்து போனார். பெரியம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் ஓடினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அறைந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை.

"உண்மையத்தானம்மா சொன்னேன்" என்று அழுதேன்.

"உண்மை பேச நமக்குன்னு ஒரு வீடு வேணும், ஏட்டி" என்றாள். அவளும் அழுதாள். அடித்துவிட்டு இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

பெரியப்பா என்னைத் திட்டவே இல்லை. ஈஸ்டர் முடிந்த மறுநாள் பெரியம்மா மூலமாகச் சேதி வந்தது: "பிள்ள மாமன் வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வரட்டும். தாயும் போவட்டும்." நான் குதித்தேன். இனிக் குதிகால் இல்லை, செங்கல் இல்லை. உண்மை சொன்னதற்குச் சேசுநாதர் கொடுத்த பரிசு என்றே நினைத்தேன்.

சுந்தரபாண்டியத்தில் மாமாவுக்கு வானம் பார்த்த கொஞ்சம் நிலம், ஐந்து பிள்ளைகள், ஒற்றை அறை. வண்டியை விட்டு இறங்கியதும் அந்த ஐந்து பேரையும் வரிசையாக உட்கார வைத்து, பெரியப்பா காலை இழுத்ததையும் நான் எழுந்து கத்தியதையும் நடித்துக் காட்டினேன். பெரியப்பாவுக்கு அந்த நாற்காலியில் இருந்த பெருமை என்ன பெருமை! எனக்கு அன்று அதைவிட ஒரு முழம் கூடுதலாகவே இருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்து, இன்னொரு தரம் செய்யச் சொன்னார்கள். அம்மா அதற்குள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, துடைப்பம் எங்கே இருக்கிறதென்று அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு நாள் விருந்துக்கு வந்தவள் வந்ததும் வராததுமாக எதற்குத் துடைப்பம் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் இரண்டாம் தரம் நடிக்கப் போய்விட்டேன்.