முன்சக்கரம் தூக்கிய பொம்மை லாரி

எனக்கு ஒன்பது வயதானபோது, பெங்களூரிலிருந்து வந்த மாமா ரிமோட்டில் ஓடும் லாரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பெண் பிள்ளைக்கு லாரி எதற்கு என்று அம்மா கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா லாரி டிரைவர் என்பதால் எனக்கு அதில் பரம்பரை உரிமை இருப்பதாகவே நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். கட்டடக் கம்பி ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குப் போன அவருடைய லாரி, கொண்டை ஊசி வளைவில் திரும்பாமல் பள்ளத்தில் சாய்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் டிரைவர் தூங்கிவிட்டான் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கம்பியைப் பின்னால் அத்தனை நீளம் தொங்கவிட்டு ஏற்றச் சொன்னதும் அதே முதலாளிதான். அதன்பிறகு திண்டுக்கல்லில் யாரும் அப்பாவிடம் சாவி கொடுக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அப்பா வீட்டில் இருப்பது நல்லதாகத்தான் பட்டது.

வாசலில் செங்கல் அடுக்கி, இரண்டு பலகைகளை வளைவாகச் சேர்த்து மலைப்பாதை போட்டேன். கூழாங்கல் ஏற்றிய லாரி, ஏறும்போதே முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வளைவில் நேராகப் போய் விழுந்தது. ரிமோட்டைத் திட்டினேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாரமெல்லாம் பின்னாடி கெடக்கு பாப்பா. முன்வீல் தரையில பாவாம எப்படித் திரும்பும்?"

ஒரு பழைய பூட்டை முன்சக்கரங்களுக்கு மேலே கட்டினார். லாரி ஒழுங்காகத் திரும்பியது. என் பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பூட்டை அவிழ்த்தார், கற்களைக் கொட்டினார், உடைந்த குடையின் கம்பிகளைப் பின்னால் நீட்டிக் கட்டினார். லாரி விழுந்தது. கம்பிகளை முன்னால் தள்ளிக் கட்டினார், திரும்பியது. மறுபடி பின்னால் இழுத்துக் கட்டினார். விழ விழ அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை.

"குடுங்கப்பா, ஒடஞ்சிரும்!"

"செத்த நேரம் இரு" என்றவர், அம்மாவைக் கூப்பிட்டார். "இந்தா, இங்க வந்து பாரு. வீலு முழுசாத் திரும்பித்தேன் இருக்கு. வண்டி திரும்புதா பாரு."

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். லாரி நேராகப் போய் விழுந்தது. அப்பா சிரித்தார்.

"நீங்க தூங்கலைன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொன்ன அம்மா அழத் தொடங்கினாள்.

விழுந்த வண்டியில் முன்விளக்கு உடைந்திருந்தது. அம்மா அதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, எனக்கு வந்த அழுகையை அடக்கிக்கொண்டு அவளுக்குச் சமாதானம் சொன்னேன்:

"அழாதம்மா. மாமாகிட்டச் சொல்லி வேற வாங்கிக்கிரலாம்."