பல்புக்கு வைத்த பொட்டு

வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த எங்கள் கொல்லையில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒரு மோட்டார் இருந்தது. அதற்குக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கச்சிராயபாளையத்தில் ரேடியோ பழுது பார்த்த சித்தப்பா, கொல்லையில் கரண்ட் வந்தால் வீட்டில் பெல் அடிக்க ஒரு பெட்டி செய்து கொடுத்தார். அதைத் தொட்ட அம்மாவைக் கரண்ட் தூக்கி எறிந்துவிட்டது. அதனால் அடுத்த பெட்டிக்குள் ஒரு கறுப்புக் குழாய் வைத்தார். குழாயின் ஒரு முனையில் குட்டி பல்பு, எதிர் முனையில் வெளிச்சம் பட்டால் பெல்லை அடிக்கவைக்கும் ஒரு வில்லை. நடுவில் கம்பியே கிடையாது.

"கரண்டு அந்தாண்டயே நின்னுடும் அண்ணி. வெளிச்சம் மட்டுந்தான் இந்தாண்ட தாண்டும். தைரியமா தொடுங்க."

அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பெட்டி மேல் அப்படி ஒரு பக்தி. ஆயுத பூஜையன்று மண்வெட்டி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், குழாயையும் கழற்றி, குட்டி பல்பின் மேல் சந்தனம் அப்பி மூடினாள். கூடவே நின்ற எனக்கு அது ரொம்ப லட்சணமாகத்தான் பட்டது.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். மறியலுக்கு வெட்டிப் போட்ட புளியமரங்கள் ரோட்டில் கிடந்தன, பஸ் இல்லை. யாருக்காவது ஒன்று ஆனால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள். பூஜைக்கு மறுநாள் காலை, மெயின் சுவிட்சுக்கு மேலே, சுவிட்சை அணைத்தாலும் கரண்ட் நிற்காத இடத்தில் கருகிய ஒயரை மாற்ற அப்பா கொல்லைக்குக் கிளம்பினார்.

"ஏங்க, கரண்டு இருக்கப் போவுது!"

"இருந்தா பெல்லு அடிச்சிக்கினு இருக்காதா?"

அவர் போன கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கொல்லை மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் பெல் ஊமையாக இருந்தது. அப்போதுதான் சந்தனம் ஞாபகம் வந்தது. ஐயோ! வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன். மோட்டார் கொட்டகையில் அப்பா ஒயரை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தொடாதப்பா! அம்மா பல்பு மேல சந்தனம் வச்சிடுச்சு!"

டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "சந்தனத்தப் பத்தி வூட்டுல சொல்லாத" என்றார்.

"இன்னாங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றாள் அம்மா, நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"கரண்டு இருந்திச்சு. நல்ல வேள, டெஸ்டர் வச்சிப் பார்த்தேன். பெட்டியில பல்பு போயிருக்கும்."

அம்மா அழுதேவிட்டாள். பெட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நேத்து நான் வச்ச பொட்டுதாங்க உங்களக் காப்பாத்திச்சு."

"ஆமா" என்றார் அப்பா.

எனக்கு வந்ததே கோபம்! விழுந்து முட்டி பேர்ந்தது எனக்கு, பேர் வாங்கியது பொட்டு. சாயங்காலம் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது, அப்பா குழாயைக் கழற்றித் துண்டு முனையால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இவ்வளவு பயப்படும் ஆளா நம் அப்பா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.