பசை காயும்வரை

அக்கா பெரியபிள்ளையாகி, சடங்குக்கு மண்டபமும் பிடித்தாயிற்று. தண்ணீர் வார்க்கத் தாய்மாமன் வேண்டும். மாமாவோடு அப்பா கதைத்து இரண்டு வருடமாகிறது. மாமா வீட்டுக் கல்யாணக் கார்டில் அப்பாவின் பெயர் விடுபட்டுப்போனதாம். இதற்கெல்லாம் ஒரு மனிதர் இரண்டு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பாரா? எட்டு வயதில் எனக்கு அது விளங்கவேயில்லை. அம்மா மட்டும் அழுதுகொண்டு திரிந்தார்.

சடங்குக்கு ஸ்பீக்கர் பெட்டியைத் தானே செய்வேனென்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். மாமாவுக்கு லாசால் என்ற இடத்தில் அலுமாரி செய்யும் பட்டறையில் வேலை. பலகையை அறுத்துத் தரும்படி அம்மாதான் அவரிடம் கேட்டார். ஞாயிறு காலை கொண்டுவந்து எங்கள் பேஸ்மெண்டில் இறக்கிவிட்டு, "பிள்ளை, மாமா போறன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அவர் நிற்பதையே காணாதவர் போல அப்பா விளிம்புகளில் பசை தடவிப் பலகைகளை நிமிர்த்தினார். எப்போதும் பசையைத் தடவிவிட்டுத்தான் சாமான் தேடுவார். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளுக்காகக் கையை நீட்டினால், சுவரில் வெறும் ஆணிகள்! பெட்டி விரியத் தொடங்கியது.

"ஐயோ, விடாதேங்கோ அத்தான்!" என்று மாமா பாய்ந்து மறுபக்கத்தை அமத்தினார்.

பசைப் போத்தலில் இருந்த பிரெஞ்சை வாசித்து, அரை மணித்தியாலம் பிடிக்க வேண்டுமென்று பெருமையாகச் சொன்னேன். இருவரும் முகத்துக்கு முகம் குந்தியிருந்தார்கள். அப்பா சுவரைப் பார்த்தார், மாமா பலகையைப் பார்த்தார்.

பாவமாக இருந்தது. வீடெல்லாம் தேடினேன். ஊத்தை உடுப்புக் கூடைக்குள், படுக்கை விரிப்புக்கு அடியில் நாலு கிளாம்பும் கிடந்தன! படியில் அம்மா என் காதைப் பிடித்து, "மூதேசி, அதைக் கொண்டுபோகாதை" என்றார். கையை உதறிவிட்டு ஓடினேன்.

"அப்பா! உடுப்புக் கூடைக்குள்ள கிடந்தது!"

அப்பா கிளாம்புகளைப் பார்த்தார். படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது.

"அங்காலை வை. இப்ப கையை எடுத்தா விட்டுப்போம்" என்றார் அப்பா.

"அரை மணித்தியாலம் எப்பவோ முடிஞ்சுது, அப்பா."

"உனக்குத் தெரியாது, சும்மா இரு." பிறகு படியைப் பார்த்து, "மச்சான் எவ்வளவு நேரமாப் பிடிச்சுக்கொண்டிருக்கிறான். தேத்தண்ணி கொண்டாருமன்" என்றார்.

அம்மா அங்கேயே நின்று விம்மி விம்மி அழத் தொடங்கினார். நான் கிளாம்பைக் கொண்டுவந்ததற்குத்தான் அழுகிறாரென்று பயந்து, நாலையும் பொறுக்கிக்கொண்டுபோய் மறுபடி கூடைக்குள்ளேயே ஒளித்துவைத்தேன்.