நான் சொல்லாமல் விட்ட ஒரு அடி

அன்பான சபையாரே, போன வருடம் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் முன் நின்று சாட்சி சொன்னேன். கோல்ஃப் போட்டியில் கர்த்தர் எனக்கு வெற்றி தந்தார் என்றேன். நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அது பொய்ச் சாட்சி. ஈஸ்டருக்குப் பிறகு அதைச் சபையில் அறிக்கை செய்தேன். அன்று அழுகையில் பாதியைச் சொல்லவே இல்லை. முழுவதையும் எழுதித் தரும்படி போதகர் கேட்டதால் எழுதுகிறேன். எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதலில் என் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சாட்சி சொன்ன பத்து நாளில் அவை நடுங்கத் தொடங்கின. சாப்பிடும்போது நடுங்காது, வண்டி ஓட்டும்போது நடுங்காது. பந்தைக் குழிக்குள் தள்ள மட்டையைப் பிடித்தால் மட்டும் வலது கை உதறும். இரண்டடி தூரத்தில் இருக்கும் பந்து குழியைத் தாண்டி ஓடும். குரோம்பேட்டையில் ஒரு டாக்டரைப் பார்த்தேன், தாம்பரத்தில் இன்னொருவரைப் பார்த்தேன். நரம்பில் கோளாறு இல்லை என்றார்கள். கோல்ஃபைத் தவிர வேறு எதற்கும் பயன்படாதவனாக என்னை நானே ஆக்கி வைத்திருந்தேன். அந்த ஒன்றும் போய்விட்டது.

பதினேழு வயதில் பந்து பொறுக்கும் வேலைக்குப் போன இடத்தில் இந்த ஆட்டத்தைக் கற்றேன். பிறகு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் முடிந்ததும் பயிற்சி. முப்பத்து மூன்று வயதில் வேலையை விட்டேன். தொழில்முறை ஆட்டக்காரனாக வேண்டுமென்றால் தகுதிச் சுற்றில் ஜெயிக்க வேண்டும், அதற்கு முழுநேரப் பயிற்சி வேண்டும் என்றேன். என் மனைவி சுகந்தி பள்ளி ஆசிரியை. அவள் சம்பளத்தில் வீடு நடந்தது. மாலை டியூஷனில் என் பயிற்சிக் கட்டணம் நடந்தது. இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை, சுற்று நடக்கும் அகமதாபாத்துக்குப் போகப் பணம் இல்லை.

அப்போதுதான் நம் பெண்கள் ஐக்கியம் முன்வந்தது. ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பார்கள். அதை விற்று வருவது மிஷனரி ஊழியத்துக்குப் போகும். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்யும் கிரேசி அக்காதான் அதைச் சேகரிப்பவர். அந்த வருடம் பிடி அரிசிக் காணிக்கையை எனக்குக் கொடுக்கலாம் என்று சொன்னவரும் அவரே. நானும் வாங்கிக்கொண்டேன்.

என்னோடு பல்லாவரம் சங்கரும் வந்தான். அவனும் என்னைப் போலவே பந்து பொறுக்கி ஆட்டம் கற்றவன், முருக பக்தன். கடைசி நாள் இருவரும் ஒரே குழுவில் ஆடினோம். கோல்ஃபில் ஒவ்வொருவர் பின்னாலும் நடுவர் வருவதில்லை. குறைந்த அடிகளில் முடிப்பவனே ஜெயிப்பான்; நம் அடிகளை நாமே சொல்ல வேண்டும், கூட ஆடுபவர் அதை அட்டையில் எழுதுவார். என் அட்டை சங்கர் கையில் இருந்தது.

பதினைந்தாவது குழியில் என் பந்து உயரமான புல்லில் கிடந்தது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் ஊன்றினேன். பந்து அசைந்து, ஒரு விரல் அகலம் உருண்டது. கையை உயர்த்திச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு அடி தண்டனையாகக் கூடும், அவ்வளவுதான். சங்கர் அந்தப் பக்கம் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். நான் சுற்றிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அடித்தேன்.

குழி முடிந்ததும் அவன் பென்சிலை எடுத்தான். “நாலுதானே மச்சான்?”

“நாலு” என்றேன்.

தண்டனை அடியோடு உண்மையில் ஐந்து. கடைசி இடத்தில் தேர்வானேன். ஒரே ஒரு அடி கூடியிருந்தால் அந்த இடத்துக்குச் சங்கரோடு மறுபடி மோத வேண்டியிருக்கும். அவன் ஒரு அடியில் தவறவிட்டான்.

திரும்பி வரும் ரயிலில் அவன் எதிர் இருக்கையில் இருந்தான். தான் வாங்கிய சப்பாத்தியில் பாதியை என்னிடம் நீட்டினான். “நம்ம ஏரியாலேர்ந்து ஒருத்தனாவது உள்ள போன பாரு, அது போதும்” என்றான். அதை வாங்கித் தின்றேன். சபையாரே, நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் அருவருப்பாக இருப்பது அதுதான்.

கை நடுக்கத்துக்காக நீங்கள் எல்லோரும் உபவாசம் இருந்தீர்கள். நானும் ஜெபித்தேன். புல்லில் நடந்ததைக் கர்த்தரிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவருக்கும் எனக்கும் இடையில் அது முடிந்துவிட வேண்டும், வேறு யாருக்கும் தெரியாமல் கை சரியாக வேண்டும் என்று கேட்டேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முழுக்க அப்படித்தான் கேட்டேன். எதுவும் நடக்கவில்லை. ஆடிய இரண்டு போட்டிகளிலும் கடைசியாக வந்தேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமை காலையில் பீர்க்கன்கரணை வீட்டு வாசலில் சங்கர் நின்றான். ஷேர் ஆட்டோவில் வந்திருந்தான். கையில் துணி சுற்றிய ஒரு மட்டை.

“கை உதறுதாமே, கேள்விப்பட்டேன். இது கொஞ்சம் வெயிட்டா கீது, உன் கை ஆடாம நிக்கும். வெச்சுக்க” என்றான்.

“உனக்கு?”

“நான் இன்னாத்துக்கு? விட்டுட்டேன் மச்சான். திங்கக்கெழமலேர்ந்து குடோன் வேலைக்குப் போறேன்.”

டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் அந்த மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. கையிலிருந்த தாளை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“சாட்சி சொன்ன அன்னைக்கு நீங்க என் பக்கமே திரும்பல. ஏதோ இருக்குன்னு அப்பவே தோணிச்சு” என்றாள். பிறகு, “மொதல்ல சங்கருக்குப் போன் பண்ணுங்க. அப்புறம் கமிட்டிக்கு எழுதுங்க. சபைக்கு நான் கூட வரேன்.”

சங்கரிடம் சொன்னேன்.

“பைக்க வித்துட்டேன்டா” என்றான். “அகமதாபாத் போனதுக்கு வாங்குன கடன அடைக்க.” போனை வைத்துவிட்டான்.

போட்டிக் கமிட்டி என் தகுதியை ரத்து செய்தது. ஒரு வருடம் ஆடத் தடையும் விதித்தது. என் இடத்தைச் சங்கருக்குக் கொடுத்தார்கள். அவனுடைய மட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பல்லாவரம் போனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டான். உள்ளே கூப்பிடவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு உங்கள் முன் நின்றேன். ஆராதனை முடிந்ததும் கிரேசி அக்கா மட்டும் அருகில் வந்தார். ஆறுதல் சொல்லுவார் என்று நினைத்தேன்.

“அது மிஷனரிக்குப் போவ வேண்டிய அரிசிப்பா. திருப்பிக் குடுத்துடு” என்றார். சற்று நின்று, “குடுக்குற வரைக்கும் உனக்காக முட்டி போட்டு ஜெபம் பண்றேன்” என்றும் சொன்னார்.

வேலை தேடினேன். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கோல்ஃப் பயிற்சித் திடல் நடத்தும் ஒருவர், சனி ஞாயிறுகளில் மென்பொருள் கம்பெனி ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். நேர்காணலில் எல்லாவற்றையும் சொன்னேன். “தெரியும், கேள்விப்பட்டேன். ஒண்ணாந்தேதி வந்துடுங்க” என்றார். காலை ஆராதனைக்கு நான் வராததற்குக் காரணம் இதுதான், மாலை ஆராதனைக்கு வருகிறேன். சம்பளத்தோடு, ஆள் இல்லாத நேரத்தில் இலவசமாகப் பயிற்சி செய்யவும் அனுமதித்தார். இத்தனை வருடம் மனைவியின் உழைப்பிலும் உங்கள் சோற்றிலும் நடந்த என் ஆட்டம் முதல்முறையாக என் உழைப்பில் நடக்கிறது. சுகந்தி டியூஷனை நிறுத்திவிட்டாள். ஆடி மாதம் முடிவதற்குள் பெண்கள் ஐக்கியத்துக்குக் கடைசித் தவணையைக் கட்டினேன்.

கை எப்போது சரியானது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு காலை ஒரு பெண்மணிக்குக் குழிக்குத் தள்ளுவது எப்படி என்று ஏழெட்டு முறை செய்து காட்டினேன். “எப்படி சார் உங்க கை அசையவே மாட்டேங்குது?” என்று கேட்டார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வலது கை சும்மா இருந்தது. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போய் அழுதேன்.

சங்கர் அந்த வருடம் முழுக்க ஆடினான். நன்றாகவே ஆடினான். என்னோடு பேசுவதில்லை. போன மாதம் ஒரே ஒரு குறுஞ்செய்தி வந்தது: “கை எப்டி கீது?” நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. தடை முடிந்துவிட்டது. அடுத்த தகுதிச் சுற்றுக்கு என் சொந்தக் காசில் போகிறேன்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது என்னைப் போல ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு, கர்த்தரிடம் மட்டும் சொல்லிவிட்டு, பதில் வரவில்லையே என்று காத்திருக்கலாம். அவரிடம் சொல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்களால் இழந்தவர் யாரோ அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் உள்ளே கூப்பிடாமல் போகலாம். வாசலில் நிற்கிற பெலனைக் கர்த்தர் தருவார். எனக்குத் தந்தார்.