தொடுவாயில் முதல் வெட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன். அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்களூர் வெள்ளக் கமிட்டிக்கு என்னைச் செயலாளராகப் போட்டதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கமிட்டியில் ஏழு பேர். கூட்டத்தில் கதிரையைத் தூக்கி எறிந்தவன் நான் ஒருவன்தான். எறிந்த பிறகு கூட்டம் ஒழுங்காக நடந்தது.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, முசலிப் பக்கக் கரையில், ஓர் ஆறு கடலில் விழுகிற இடத்தில் எங்களூர் இருந்தது. விழுகிறது என்று சொல்வது வருடத்தில் மூன்று மாதத்துக்குத்தான் சரி. மற்ற மாதங்களில் கடல் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். அந்த இடத்தைத் தொடுவாய் என்போம். மாரி மழை தொடங்கியதும் ஆற்று நீர் மணல்திட்டில் முட்டி, போக வழியில்லாமல் ஊருக்குள் திரும்பும். அதற்கு முன் நாங்கள் திட்டை வெட்டி, ஆற்றைக் கடலில் விட வேண்டும். கடல் வற்றுகிற நேரம் பார்த்து வெட்ட வேண்டும். கடல் ஏறுகிற நேரத்தில் வெட்டினால் உப்புத் தண்ணீர் வயலுக்குள் வந்துவிடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் யார் வெட்டுவது என்பதில்தான் எங்கள் புத்தியெல்லாம் போனது. ஊரில் இரண்டு பகுதி. கடலுக்குப் போகிற நாங்கள் கரைப்பக்கம். நெல் விதைக்கிறவர்கள் வயல்பக்கம். எல்லோரும் ஒரே வேதக் கோயிலில்தான் பூசை கண்டோம், ஒரே சேமக்காலையில்தான் புதைத்தோம். தொடுவாயில் மட்டும் இரண்டு சாதி போல நின்றோம். ஒரு வருடம் கரைப்பக்கத்து ஆள் முதல் வெட்டு வெட்டினால், அடுத்த வருடம் வயல்பக்கத்து ஆள். பங்குச் சுவாமி வந்து செபம் சொன்ன பிறகுதான் மண்வெட்டி மணலில் இறங்கலாம். முதல் வெட்டு வெட்டிய பகுதிக்கு மூன்று நாளைக்கு அந்த வாய்க்காலில் வலை கட்டுகிற உரிமை உண்டு. ஆறு உடைத்துக்கொண்டு ஓடும்போது வருடம் முழுக்க உள்ளே வளர்ந்த இறால் எல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே வரும். அதற்காகப் பல் உடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய காது மடல் பாதி இல்லாமல் இருந்தது. கேட்டால், எந்த வருடத்து வெட்டில் போனது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

இந்தச் சண்டைகளை நிறுத்தி ஊரை ஒழுங்குபடுத்தவே வெள்ளக் கமிட்டியை உண்டாக்கினோம். நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். அரிசி, சீனி வந்த வெறுஞ் சாக்குகளைச் சேர்த்துவைத்து, மண் நிரப்பித் தாழ்ந்த வீடுகளைச் சுற்றி அடுக்குவது என்று முடிவு. தாழ்ந்த வீடுகள் பதினொன்று. தண்ணீர் ஏறினால் எந்த வள்ளம் எந்த வீட்டுக்குப் போவது என்றும் ஒரு பட்டியல் போட்டேன். அந்தப் பட்டியலில் ஆறாவது வீடு என் அக்காவுடையது. அவள் வயல்பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வயதில் ஒரு பெண் பிள்ளை. அந்த வீட்டுக்கு எங்கள் வீட்டு வள்ளம் என்று நானே எழுதினேன். வேறு யாரை எழுதுவது?

அக்காவின் புருஷன், என் அத்தான், வயல்பக்கத்தின் தலைவர். பொறுமையான மனிதர் என்று ஊரே சொல்லும். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அவரைப் பொறுமையானவர் என்று ஒருவன் சொன்னால், என்னைப் பார்த்துத்தான் சொல்கிறான் என்று தோன்றும்.

அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மேலே குளங்கள் நிரம்பி வழிந்த தண்ணீரும் ஆற்றில் சேர்ந்தது. நாலாம் நாள் காலை ஏழு மணியளவில் கடல் வற்றும், அப்போது வெட்டுவோம் என்று கமிட்டி தீர்மானித்தது. அந்த வருடம் முறை எங்களுடையது. விடிந்ததும் இரண்டு பகுதியாரும் தொடுவாயில் கூடிவிட்டோம். நாங்கள் வலைகளையும் கொண்டுபோயிருந்தோம். வலைகளை ஏற்றிப்போனது எங்கள் வீட்டு வள்ளம். பட்டியலில் ஆறாவது வீட்டுக்கென்று எழுதிய அதே வள்ளத்தை வெறும் இறால் வலைக்காகத் தொடுவாய்க்கு இழுத்துக்கொண்டு போனவன் நான்தான். அரை மணி நேர வேலை, பிறகு திருப்பிக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன்.

சுவாமி வரவில்லை. முந்திய நாள் முருங்கனுக்குப் போனவர், தெருவில் தண்ணீர் பாய்ந்ததால் அங்கேயே நின்றுவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது. ஏழு மணி ஆயிற்று, ஏழரை ஆயிற்று. கடல் நன்றாக வற்றிக் கிடந்தது. உள்பக்கம் ஆறு திட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அத்தான் மண்வெட்டியோடு முன்னுக்கு வந்தார்.

"தம்பி, இனிப் பாக்கேலாது. கடல் திரும்பப் போகுது. வெட்டுவம்."

"சுவாமி வரட்டும், அத்தான்."

"சுவாமி வாறதுக்குள்ள வீடெல்லாம் போயிடும். என்ரை முத்தத்தில தண்ணி நிக்குது. உன்ரை அக்காவும் பிள்ளையும் அங்கைதான் இருக்கினம்."

"அப்ப நாங்கள் வெட்டுறம். நீங்கள் தள்ளி நில்லுங்கோ."

"சரி, வெட்டு!"

அவர் அப்படிச் சொன்னது சத்தியம். வெட்டு என்றுதான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்துச் சம்மாட்டி, வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்திருப்பவர், முதல் வெட்டு வெட்ட வேண்டியவர், செபம் இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்று மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். செபம் இல்லாமல் வெட்டிய வருடம் இரண்டு பேர் கடலில் போனார்களாம். வேறு யாரும் முன்வரவில்லை. நானும் வரவில்லை. அத்தான் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு காறித் துப்பிவிட்டு, தானே குனிந்து மணலில் ஒரு வெட்டு வெட்டினார்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. முறையைக் களவெடுக்கிறான் என்று கத்தினேன். அக்காவின் புருஷனை அவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பாய்ந்துபோய் அவருடைய மண்வெட்டியைப் பிடித்தேன். அவர் என்னை நெஞ்சில் தள்ளினார். நான் மணலில் விழுந்தேன். எங்கள் ஆட்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் எழும்பிப் போயிருப்பேனோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். போயிருக்க மாட்டேன். எழும்பும்போது சம்மாட்டி போட்ட மண்வெட்டி கையில் அகப்பட்டது. அதைத் திருப்பிப் பிடித்து, பிடிப் பக்கத்தால், அத்தானின் வலது மணிக்கட்டில் என் பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சந்தோசமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன்?

அதன் பிறகு ஆளுக்கு ஆள் பாய்ந்தார்கள். துடுப்பால் அடித்தார்கள், கல்லால் எறிந்தார்கள். செபம் இல்லாமல் மணலில் கை வைக்க மாட்டேன் என்ற சம்மாட்டி ஒருவனுடைய தோளைக் கடித்து, வாயில் இரத்தத்தோடு நின்றார். ஒருவனை நாலு பேர் சேர்ந்து தண்ணீருக்குள் அமத்தினார்கள். மூச்சு முட்டுகிற கட்டத்தில்தான் விட்டார்கள். என் முதுகில் மண்வெட்டியின் தட்டைப் பக்கம் விழுந்தது. நனைந்த மணலில் இரத்தம் பரவி, மழை அதைக் கழுவ, திரும்பவும் பரவியது. அரை மணி நேரத்தில் வயல்பக்கத்தார் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். அத்தான் முறிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் வென்றுவிட்டோம். வென்றவர்கள் செய்த அடுத்த வேலையைக் கேளுங்கள். அத்தான் வெட்டிய வெட்டை மூடினோம். மணல் நிற்கவில்லை என்று சங்கக்கடையைத் திறந்து, வீடுகளுக்கென்று நான் சேர்த்துவைத்த சாக்குகளை எடுத்துவந்து மண் நிரப்பி அடுக்கினோம். அவர்கள் வெட்டு செல்லாது, நாங்கள் புதிதாக வெட்ட வேண்டும் என்பது எங்கள் நியாயம். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது கடல் ஏறத் தொடங்கியிருந்தது. இனிப் பின்னேரம் வற்றும்போதுதான் வெட்டலாம். அதுவரைக்கும் அவர்கள் திரும்பி வந்து வெட்டாமல் இருக்க, திட்டிலேயே காவல் இருப்பது என்று முடிவெடுத்தோம். என் பட்டியலில் இருந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாக ஆட்களை ஏற்றிக்கொண்டு காவலுக்கு வந்தன. ஆறாவது வீட்டின் நினைவு எனக்கு வராமல் இல்லை. வந்தது. அத்தான் இருக்கிறார்தானே, அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

மதியம் தாண்டி ஒரு வயல்பக்கத்து ஆள் நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்தான். காலையில் அவனுடைய உதட்டைக் கிழித்தவன் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தான். வந்தவன் எங்களில் யாரையும் ஏசவில்லை.

"சுவர் விழுகுது. வள்ளம் குடுங்கோ. ஆருக்காவது மனிசத்தன்மை இருந்தா ஒரு வள்ளமாவது குடுங்கோ!" என்றான்.

நான் வலைகளை மணலில் கொட்டிவிட்டு வள்ளத்தைத் தள்ளினேன். எனக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் சாக்குகளைப் பிடுங்கி எறிவது தெரிந்தது. செபமும் இல்லை, முறையும் இல்லை, கடல் ஏறி நிற்கிறதா வற்றுகிறதா என்ற பார்வையும் இல்லை. வெறுங்கையால் கிண்டினார்கள்.

கோல் ஊன்றிக்கொண்டு போனபோது எந்த இடத்தில் எந்த வீடு என்று அடையாளம் பிடிக்க முடியவில்லை. வேலிக் கதிகால்களின் நுனிகள் தெரிந்தன. அக்காவின் வீடு இருந்த இடத்தில் கிடுகுக் கூரை மட்டும் தண்ணீரில் சரிந்து கிடந்தது. பக்கத்துப் பூவரச மரத்தில் அத்தான் இருந்தார். கால்களால் கொப்பைப் பின்னிப் பிடித்து, இடது கையால் பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருந்தார். பிள்ளை அழுது களைத்து விக்கிக்கொண்டிருந்தது. வலது கை கறுத்து வீங்கி, மடியில் தனியாகக் கிடந்தது.

"அக்கா எங்கை?" என்று கேட்டேன்.

அவர் பிள்ளையை என்னிடம் நீட்டினார். வாங்கி வள்ளத்தில் இருத்தினேன். திரும்பவும் கேட்டேன்.

"பிள்ளையை இந்தக் கையில தந்தவள்," என்றார். "தந்திட்டுத் தானும் ஏறப் பாத்தவள். சுவர் அப்பத்தான் விழுந்தது. நான் மற்றக் கையால பிடிச்சனான்."

வீங்கிய கையை மடியிலிருந்து தூக்கிப் பார்த்தார்.

"பிடிச்சனான், தம்பி. கை மூடேல்லை. எவ்வளவு மூடியும் மூடேல்லை. அவள் என்ரை கையைப் பாத்துக்கொண்டுதான் போனவள்."

நான் வள்ளத்தில் முழங்காலில் நின்றேன். என்னை அடியுங்கோ அத்தான் என்று கெஞ்சினேன். கோலை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. பிள்ளைக்குக் குளிர்கிறது, போவோம் என்றார். கோல் ஊன்றினேன்.

பின்னேரம் திட்டு தானாகவே உடைந்தது. எங்கள் ஆட்கள் கிண்டிய இடத்தை விட்டு, நூறு யார் தூரம் தள்ளி உடைந்தது. இறால் எல்லாம் கடலுக்குப் போயிற்று. வலை கட்ட யாரும் போகவில்லை. அடுத்த நாள் அக்காவை அந்த வாய்க்காலின் கடல் பக்கத்தில் கண்டெடுத்தோம். கரைப்பக்கத்தாரும் வயல்பக்கத்தாரும் சேர்ந்துதான் தூக்கினோம். அத்தானை யாரும் தூக்க விடவில்லை, அவருடைய கை இருந்த நிலையில்.

எட்டாம் நாள் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் ஐயா வெள்ளச் சேதம் பதிய வந்தார். கோயிலில் மேசை போட்டு, படிவங்களைப் பரப்பி, செயலாளர் என்று என்னை எழுத இருத்தினார். வீடு, மாடு, தோணி எல்லாம் எழுதினேன். இறந்தவர்கள் பகுதிக்கு வந்தபோது அக்காவின் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் இறந்த காரணம் கேட்டிருந்தது. பேனையை வைத்துவிட்டேன்.

"ஐயா, நான்தான் காரணம். அத்தான்ரை கையை நான் முறிச்சனான். கை முறியாட்டி அக்கா செத்திருக்க மாட்டா."

ஐயா ஊர் ஊராக நனைந்து வந்தவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஐசே, இது வெள்ளச் சேதப் படிவம். உம்மடை அடிபிடியை எழுத இதில இடமில்லை. அடிபிடியெண்டால் நிவாரணமும் இல்லை. வெள்ளம் எண்டு எழுதும்."

நான் எழுதவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அன்று காலையில் தொடுவாயில் நின்றவர்கள். அத்தான் மேசைக்கு முன்னால் நின்றார். மட்டை வைத்துக் கட்டிய கை கழுத்தில் தொங்கியது. பிள்ளை அவருடைய தோளில் நித்திரை. அவர் சொல்லட்டும், உலகத்துக்குக் கேட்கச் சொல்லட்டும் என்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுது," என்றார் அத்தான். "தாயில்லாப் பிள்ளையளுக்குப் பால்மா தருவினமாம்."

வெள்ளம் என்று எழுதினேன். படிவத்தைத் திருப்பி அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டு, இடது கையால், நேரம் எடுத்து, அதன் கீழே கையொப்பம் வைத்தார்.