எட்டாவது பாட்டுக்கு வைத்திருந்த குரல்

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஏஞ்சலின், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கதவுக்கீல் அடிக்கும் கம்பெனியில் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. வாயைத் திறந்து பேசமாட்டாள். ஆனால் மிஷினில் நின்றால் அவள் கத்துவது கேட் வரை கேட்கும். எதிர்ப்பக்கம் சின்னப்பொண்ணு தகட்டை வைப்பாள். ஏஞ்சலின் நிற்கும் இடத்திலிருந்து அந்தக் கை தெரியாது. "கை!" என்று கத்திவிட்டு, ஒரு மூச்சு பொறுத்து, பெடலை மிதிக்க வேண்டும். மிதித்ததும் மேலேயிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும்.

அந்தக் கத்தல்தான் தம்பி ஜோஷ்வாவுக்குப் பிடித்தது. சர்ச்சில் ஆர்கன் வாசித்துப் பழகிய அவன், இப்போது கிடார்காரன். வயலினில் ஓடும் ஓட்டத்தைக் கிடாரில் ஓட்டி, தாளத்தை ஐந்தும் ஏழுமாக உடைத்து, அதற்கு மேலே ஒரு குரலை ஏற்றி நிறுத்துவான். ராக் பாட்டில் இந்த வகைக்குப் பவர் மெட்டல் என்று பேர் என்பான். எட்டுப் பாட்டு ஒரே கதையாக ஓர் ஆல்பம். பாடிக்கொண்டிருந்த சாலமோன் துபாய்க்குப் போனதும் அக்காவைப் பிடித்தான்.

ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவதின் கடைசியில் நீளமாக ஓர் அலறல் வரும். அதற்குள் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரம் கத்தக் கூடாது என்றார் பொன்னேரி டாக்டர். ஸ்டுடியோவில் பதிவு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் டிரம்ஸ்காரனும் ஊரில் இருக்கமாட்டான்.

"கத்தாத உடு. ஸ்பேனரால டொக்குனு தட்டு, நான் கைய எடுத்துக்கறேன்" என்றாள் சின்னப்பொண்ணு. "நாளைக்கு டிவில வந்தா எங்கள கண்டுக்குவியா?"

"போக்கா."

மூன்று நாள் தட்டல் சரியாகத்தான் போயிற்று. வியாழக்கிழமை பக்கத்து மிஷினில் அச்சு மாற்ற வந்த லோகு, சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். எல்லாமே டொக், டொக். நம்முடைய தட்டல் கேட்காது என்று ஏஞ்சலினுக்குத் தோன்றியது. ஒரே ஒரு தடவை கத்திவிடலாம் என்றும் தோன்றியது. உடனே ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. தட்டினாள். மிதித்தாள்.

சின்னப்பொண்ணுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

ஞாயிறன்று ஏஞ்சலின் பாடினாள். முதல் தடவையிலேயே அந்த அலறல் உடையாமல், பிசிறில்லாமல் ஏறி நின்றது. ஜோஷ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் வெளியே போய் வாந்தியெடுத்தாள்.

ஆல்பம் வந்த வாரம், ஏஞ்சலின் சின்னப்பொண்ணின் வீட்டுக்குப் போனாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தவள், "இன்னாடி, மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு வர்ற? பாட்டு வந்துச்சாமே, போடு" என்றாள்.

ஏழு பாட்டு ஓடியது. எட்டாவதுக்கு முன்னால் ஏஞ்சலின் போனை நிறுத்தினாள்.

"அவ்ளோதானா?"

ஏஞ்சலின் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னும் அதயே நெனச்சிக்கினு கீறியா? அன்னிக்கி தட்டுனா கேக்காதுன்னு நீ கத்திதான் இருப்ப. சுத்தியல் சத்தத்துல எனக்குத்தான் கேக்கல. மேனேஜர்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லிக்கீறேன்."

"கத்தலக்கா. கேக்காதுன்னு தெரியும். கத்தணும்னு நெனச்சேன். கத்தல. கொரல் போய்டும்னு..."

சின்னப்பொண்ணு மடியிலிருந்த கையை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். தெருவில் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துப் போனது.

"போடு" என்றாள். "எம் வெரலு போனது இன்னாத்துக்குன்னு நானும் கேட்டுக்கறேன்."

ஏஞ்சலின் போட்டாள். பாட்டு முடியும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.