அக்கா எழுதிய தூறல்

தொண்ணூற்றாறில், திருப்பதியில் புதிதாக முளைத்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் பேண்டு மாஸ்டர் ஹேமநாத், ஆண்டு விழாவுக்காகப் புயலை இசையாக எழுதினான். அது எடுபட்டால்தான் வேலை நிரந்தரம். ஒத்திகைக்கு முந்தின நாள் கரண்ட் போய் ஜெராக்ஸ் கடை மூடிவிட்டது. கிளாரினெட் பிள்ளைகள் எட்டுப் பேருக்கும் அக்கா தாட்சாயணிதான் கையால் பிரதி எடுத்தாள். காளஹஸ்தியில் கலம்காரித் துணியில் மூங்கில் பேனாவால் படத்துக்குக் கோடு இழுக்கிறவள், படிப்பு ஏழாவது. ஸ்வரக்குறி தெரியாது, ஆனால் பார்த்ததை மயிரிழை பிசகாமல் எழுதுவாள்.

ஒத்திகையில் பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதினார்கள். ஹேமநாத் தாளை வாங்கிப் பார்த்தான். அவன் பேனாவை உதறியபோது தெறித்த மைப்புள்ளிகளையும் அக்கா ஸ்வரக்குறி போலவே அழகாக உருட்டி எழுதியிருந்தாள்.

"கெடுத்துட்டேனா நைனா?" என்றாள், ஒத்திகை பார்க்க வந்திருந்த அக்கா.

அவன் பிள்ளைகளை இன்னொரு வாட்டி ஊதச் சொல்லிக் கேட்டான். "பெருங்காத்துக்கு முந்தி நாலு தூறல் விழுமேக்கா, அத நான் மறந்தே பூட்டேன். இது இப்படியே இருக்கட்டும்."

விழாவில் கிளாரினெட் தொடங்கியதும் பள்ளி முதலாளி வானத்தை அண்ணாந்து பார்த்து, பின்னால் நின்ற பியூனிடம், "ரமணா, ஸ்கூட்டரை உள்ள தள்ளுடா!" என்றார். தம்பிக்கு வேலை உறுதி என்று தாட்சாயணிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.